ஒரு தையலின் நீளத்தைத் தீர்மானிப்பது யார்?

போன விடுமுறையில் எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தோம். நல்ல மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. படிக்கவென்று கொண்டுபோன புத்தகங்களைத் தொடாமல், விறாந்தை மூலையில் மூடிக்கிடந்த பழைய தையல் மெசினைத் திறந்தோம். காலால் மிதிக்கிற மெசின். அதற்கு முதல் நாள்தான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தோம். அமெரிக்காவில் ஒரு வயதான பெண், இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்து, அதை இரண்டு கையாலும் ஊசிக்குக் கீழே அங்குமிங்கும் நகர்த்துகிறார். நூல் பூவாகவும் கொடியாகவும் விழுந்துகொண்டே போகிறது. பேனையை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு பேப்பரை நகர்த்திப் படம் வரைவது மாதிரி. பார்க்க லேசாகத்தான் இருந்தது.

செய்து பார்த்தோம். மெசினின் பற்கள் துணியை இழுக்காமல் இருக்க ஒரு கலியாணக் கார்ட்டை வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, பற்களுக்கு மேலே ஒட்டினோம். பழைய சீலைத் துண்டு இரண்டுக்கு நடுவில் பஞ்சு வைத்து ஊசிக்குக் கீழே விட்டு மிதித்தோம். ஒரு இடத்தில் தையல் நெல்லளவு நீளம். அடுத்த வளைவில் எள்ளளவு. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க நூல் காகக்கூடு. பத்து நிமிடத்தில் ஊசியும் முறிந்தது.

அம்மம்மா கதிரையில் இருந்தபடியே சிரித்தா. "கால் ஓடேக்க கை நிக்குது. கை ஓடேக்க கால் நிக்குது. ரெண்டும் கதைச்சுக்கொள்ளேல்ல, பிள்ளையள்."

இந்தக் கட்டுரை அந்த வசனத்திலிருந்துதான் தொடங்குகிறது. கையும் மெசினும் கதைத்துக்கொள்வதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஸ்டிச் ரெகுலேட்டர் என்று பெயர். 2000களின் நடுப்பகுதியில் வீட்டுத் தையல் மெசினுக்கு வந்தது. பணக்கார நாட்டு ஆட்களின் பொழுதுபோக்குச் சாமான் என்று முதலில் நாங்கள் அதைத் தள்ளிவிட்டோம். பிறகு தேடத் தேட, ஒரு தையல் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்ற சின்னக் கேள்விக்குள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு கிடப்பது விளங்கியது. அதில் உழைப்பு இருக்கிறது, பெண்கள் இருக்கிறார்கள், எங்கள் நாட்டுக் கார்மெண்ட்ஸும் இருக்கிறது.

கை அளந்த காலம்

குவில்ட் என்றால் மூன்று அடுக்குப் போர்வை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மேல்துணி பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டித் தைத்ததாக இருக்கும். மூன்று அடுக்கும் நகராமல் இருக்க மேலிருந்து கீழ்வரை ஊடுருவித் தைக்கவேண்டும். அந்த ஊடுருவும் தையலைத்தான் குவில்டிங் என்கிறார்கள். குளிருக்குப் போர்வை வேண்டும், பழைய துணியை வீணாக்கக்கூடாது. இந்த இரண்டு தேவையும் சேர்ந்த இடத்தில் பிறந்த கலை இது. பல நாடுகளில் இருந்தாலும், அமெரிக்காவில் அது பெண்களின் தனி உலகமாகவே வளர்ந்தது. பல பெண்கள் ஒரு சட்டத்தைச் சுற்றி இருந்து ஒரே போர்வையைத் தைப்பார்கள்.

அங்கே ஒரு பெண்ணின் கைத்திறனுக்கு எழுதப்படாத அளவுகோல் ஒன்று இருந்தது: ஒரு அங்குலத்துக்குள் எத்தனை தையல்? நெருக்கமாக, ஒரே அளவாக விழுந்தால் கெட்டிக்காரி. கூடிக்குறைந்து விழுந்தால் பழகவேண்டியவள். அளவைத் தீர்மானித்தது விரல். விரலைத் தீர்மானித்தது பழக்கம். இதை அழகான பழங்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பழக்கம் வருவதற்குச் சின்ன வயதிலேயே பெண் பிள்ளைகளை ஊசியோடு உட்கார வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மெசின் துணியைப் பிடுங்கிக்கொண்டது

தையல் மெசினின் வரலாற்றைக் கேட்டால் எல்லோரும் ஊசியைப் பற்றித்தான் சொல்வார்கள். கூர்ப்பக்கத்தில் ஓட்டை வைத்த ஊசி, கீழே இருந்து வரும் இரண்டாவது நூல், இரண்டும் பின்னிக்கொள்ளும் பூட்டுத் தையல். எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தது இதற்குத்தான். ஆனால் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. துணியை நகர்த்துவது யார்?

ஹோவின் மெசினில் துணியை ஒரு உலோகத் தகட்டின் முட்களில் நிமிர்த்தி மாட்டிவிடவேண்டும். தகடு நகர்கிற அளவுக்குத்தான் தைக்கலாம். தகட்டின் நீளம் முடிந்தால் நிறுத்தி, துணியைக் கழற்றி, திரும்ப மாட்டவேண்டும். வளைவுக்கு இடமே இல்லை. 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை எடுத்த மெசினில் துணி மேசைமேல் படுத்தது. மேலே ஒரு கால் அதை அமுக்கிப் பிடித்தது. கீழே சொரசொரப்பான சக்கரம் அதைத் தள்ளியது. உண்மையான தீர்வு 1854இல் அலன் வில்சனிடமிருந்து வந்தது. நான்கு அசைவுப் பற்கள். பற்கள் மேலே எழும், துணியைக் கவ்வி முன்னே தள்ளும், கீழே இறங்கும், பின்னே போய் பழைய இடத்துக்கு வரும். ஊசி துணியில் இல்லாத நேரத்தில் மட்டும் துணி நகரும். இன்றைக்கும் எங்கள் வீடுகளில் இருக்கிற மெசின்களைத் திறந்து பார்த்தால் இதே நான்கு அசைவுதான்.

பற்கள் ஒருமுறை எவ்வளவு தூரம் தள்ளுகின்றனவோ அதுதான் தையலின் நீளம். மெசினின் பக்கத்தில் இருக்கிற சின்ன நெம்பைத் தூக்கினாலோ இறக்கினாலோ அந்தத் தூரம் மாறும். ஒருமுறை வைத்துவிட்டால் போதும். வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் தையல் ஒரே நீளம். மோட்டரும் பற்களும் ஒரே அச்சில் கட்டப்பட்டிருப்பதால் அவை ஒன்றையொன்று மறக்கவே முடியாது. அம்மம்மாவின் மொழியில் சொன்னால், ரெண்டும் எப்பவும் கதைச்சுக்கொண்டே இருக்கும். தைக்கிறவரின் கைக்கு மிஞ்சியது துணியை நேராக வழிநடத்துகிற வேலை மட்டும்.

இதனால் மிச்சமான நேரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு ஆண்கள் சட்டையைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம், மெசினால் 1 மணி 16 நிமிடம் என்று வீலர் அன்ட் வில்சன் கொம்பனி ஒரு கணக்கைப் பரப்பியது. விற்கிற கொம்பனியின் கணக்கு என்பதை மறக்கவேண்டாம். ஆனாலும் திசை சரிதான்.

மிச்சமான நேரம் யாருக்குப் போனது? அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் வரலாற்றாசிரியர்கள் இல்லை, தையற்காரர்கள். பிரான்சில் பார்தெலமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற மெசின்களால் பாரிஸில் இராணுவ உடை தைக்கும் பட்டறை நடத்தினார். 1831இல் தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் உள்ளே புகுந்து மெசின்களை உடைத்தார்கள். அவர்களை முன்னேற்றத்தின் எதிரிகள் என்று எழுதுவது லேசு. அவர்கள் பயந்தது இரும்பைப் பார்த்து என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த இரும்பு யாருடைய பட்டறையில் நின்றது என்பதைப் பார்த்துத்தான் பயந்தார்கள்.

பற்களை இறக்கியவர்கள்

மெசின் துணியைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, அதைத் திரும்பப் பிடுங்கவும் ஆட்கள் வந்தார்கள். பற்களை மூடிவிட்டால் அல்லது இறக்கிவிட்டால் மெசின் துணியை இழுக்காது. ஊசி மேலும் கீழும் போகும், அவ்வளவுதான். துணி திரும்பவும் கையின் சொத்து. முன்னே, பின்னே, பக்கவாட்டில், வட்டமாக, எப்படி வேண்டுமென்றாலும் போகலாம். கிழிந்த துணியில் நூலால் வலை பின்னி ஒட்டடைக்கவும், வளையத்துக்குள் துணியை இறுக்கிப் பூ வேலை செய்யவும் இந்த வழியைத்தான் பயன்படுத்தினார்கள். சாதாரண வீட்டு மெசினாலேயே ஓவியம் போன்ற பூவேலை செய்யமுடியும் என்று காட்ட சிங்கர் கொம்பனி தனிப் பயிற்சி நூலே வெளியிட்டது.

இந்த இடத்தில் கதை எங்கள் ஊருக்கும் வருகிறது. சிங்கர் இலங்கையில் 1877இல் கொழும்பு புறக்கோட்டையில் கடை திறந்தது. 1892இல் அந்தக் கொம்பனி வெளியிட்ட, பல நாட்டு மக்கள் தங்கள் உடையில் மெசினோடு நிற்கும் விளம்பர அட்டைத் தொடரில் இலங்கைக்கும் ஒரு அட்டை இருந்தது. நிரா விக்கிரமசிங்க 2014இல் வெளியான 'மெட்டாலிக் மொடர்ன்' என்ற நூலில், காலனிய இலங்கையில் தையல் மெசின் போன்ற சாதாரணச் சாமான்கள் சனங்களின் வாழ்க்கைக்குள் எப்படி நுழைந்தன என்று எழுதியிருக்கிறார். வரலாறு படிக்கிற எங்களுக்கு அது நல்ல பாடம். அரண்மனையையும் அரசியல் யாப்பையும் படிக்கிற மாதிரி ஒரு மெசினையும் படிக்கலாம்.

அம்மம்மா தன் இளம் வயதில் தையல் வகுப்புக்குப் போனவ. மெசினின் காலைக் கழற்றிவிட்டு, வளையம் போட்டு, தலையணை உறைக்குப் பூப்போடப் பழகினவ. நாங்கள் வீடியோவில் பார்த்து வாயைப் பிளந்த வேலையின் அடிப்படை அவவுக்கு ஏற்கெனவே தெரியும். "பஞ்சு வைச்சுத்தான் நாங்கள் தைக்கேல்ல. இஞ்ச என்ன குளிரே?" என்று கேட்டா.

பரிசும் சண்டையும்

அமெரிக்காவில் 1970களில் குவில்ட்டுக்குப் புது மவுசு வந்தது. 1971இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்களைச் சுவரில் நவீன ஓவியம் போலத் தொங்கவிட்டது. 1976இல் அந்த நாட்டின் 200ஆவது ஆண்டு வந்தபோது பாட்டிமாரின் கைவேலையைத் தேடும் ஆசை இன்னும் கூடியது. அந்த ஆசைக்குள் ஒரு சட்டமும் இருந்தது. நல்ல குவில்ட் என்றால் கையால் தைத்தது. மேல்துணியின் துண்டுகளை மெசினால் பொருத்தலாம். ஆனால் மூன்று அடுக்கை ஊடுருவும் தையலை மெசினால் போட்டால் இரண்டாந்தரம்.

அந்தச் சட்டத்தை உடைத்த பெண்களில் இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் ஹாரியட் ஹார்க்ரேவ். வீட்டு மெசினாலேயே பரம்பரைக் குவில்ட்டின் தரத்துக்குத் தைக்கலாம் என்று 1980களில் பாடம் நடத்தி, புத்தகமும் எழுதினார். மற்றவர் கரில் பிரையர் ஃபாலர்ட். 1989இல் கென்டக்கி மாநிலத்தின் படுக்கா நகரில் நடந்த பெரிய குவில்ட் போட்டியில் இவருடைய சூரிய கிரகணக் குவில்ட் முதற்பரிசு எடுத்தது. மெசினால் குவில்ட் செய்த ஒன்று அந்தப் பரிசை வென்றது அதுதான் முதல் தடவை. கைத்தையல்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். மெசின் செய்த வேலைக்கு மனிசருக்குப் பரிசா?

கோபப்பட்டவர்களை அம்மம்மாவின் மெசினுக்கு முன்னால் பத்து நிமிடம் இருத்தியிருக்கவேண்டும் என்று நாங்கள் பகிடியாகக் கதைத்தோம். ஏனென்றால் பற்களை இறக்கிய பிறகு மெசின் உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். மோட்டர் நிமிடத்துக்கு 800 முறை ஊசியை இறக்குகிறது என்று வைப்போம். 2 மில்லிமீற்றர் நீளத் தையல் வேண்டுமென்றால் கை அந்த ஒரு நிமிடத்துக்குள் துணியை 1600 மில்லிமீற்றர், அதாவது 1.6 மீற்றர், ஒரே வேகத்தில் நகர்த்தவேண்டும். கை பாதி வேகத்துக்குக் குறைந்தால் தையல் 1 மில்லிமீற்றர். இரண்டு மடங்கு ஓடினால் 4 மில்லிமீற்றர். மனிசக் கை ஒரே வேகத்தில் ஓடாது. மூலையில் தயங்கும், அங்கே தையல் குவியும். வளைவில் வீசிக்கொண்டு போகும், அங்கே தையல் நீண்டு, பின்பக்கம் நூல் கண்ணிமை மயிர் மாதிரி வளையம் வளையமாக நிற்கும். கை வேகத்தையும் கால் வேகத்தையும் காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, விநாடிக்கு விநாடி பொருத்திக்கொள்ளவேண்டும். இது கைத்திறன் இல்லாமல் வேறென்ன?

மோட்டர் கேட்கப் பழகியது

இனி கருவிக்கு வருவோம். முதலில் இது பெரிய மெசின்களுக்குத்தான் வந்தது. துணியை நீண்ட சட்டத்தில் விரித்துக் கட்டி, மெசினையே சக்கரத்தில் தள்ளித் தைக்கும் நீள்கை மெசின்கள். அங்கே அளப்பது சுலபம். சக்கரம் எவ்வளவு சுழன்றது என்று எண்ணினால் மெசின் எவ்வளவு தூரம் போனது என்று தெரிந்துவிடும். வீட்டு மெசினில் மெசின் அசையாது, துணிதான் அசையும். துணியில் சக்கரம் பூட்டமுடியாது. பிறகு எப்பிடி அளப்பது?

விடை கொம்பியூட்டர் மேசையிலிருந்து வந்தது. 1999இலிருந்து, உருளும் பந்து இல்லாமல் ஒளியால் வேலைசெய்யும் மவுஸ்கள் கடைகளில் பரவத் தொடங்கின. அவற்றின் வயிற்றுக்குள் சின்னக் கமரா ஒன்று இருக்கிறது. மேசையின் மேற்பரப்பை விநாடிக்குப் பல நூறு முறை படம் பிடித்து, முதல் படத்தோடு அடுத்த படத்தை ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடும். அதே அறிவை ஊசிக்குப் பக்கத்தில் இருக்கிற மெசின் காலில் வைத்தால்? மேசைக்குப் பதிலாகத் துணி. 1893இல் கார்ல் ஃபிரீட்ரிக் கெகாஃப் என்ற சுவிஸ் கண்டுபிடிப்பாளர் தொடங்கிய தொழிலிலிருந்து வளர்ந்த பேர்னினா கொம்பனி, இப்படியொரு காலை வீட்டு மெசினுக்குக் கொண்டுவந்தது.

வேலை இப்படி நடக்கிறது. தையல் 2 மில்லிமீற்றர் வேண்டும் என்று மெசினுக்குச் சொல்லிவிடுகிறீர்கள். கை விநாடிக்கு 10 மில்லிமீற்றர் துணியை நகர்த்தினால் மோட்டர் விநாடிக்கு 5 முறை ஊசியை இறக்கும். கை 20 மில்லிமீற்றருக்கு ஓடினால் 10 முறை. இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் கை நின்றாலும் ஊசி மெதுவாக மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். அதே இடத்தில் நாலைந்து தையல் போட்டு நூலை இறுக்க அது வசதி. மற்றதில் கை நின்றால் ஊசியும் நிற்கும், கை அசைந்தால்தான் அசையும். கை மெசினின் ஆகக்கூடிய வேகத்தையும் தாண்டினால் ஒரு பீப் சத்தம் வரும். கொஞ்சம் மெதுவாப் போங்கோ என்று அர்த்தம்.

இங்கேதான் நாங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கதைக்கத் தொடங்கினோம். 1854இல் வில்சனின் பற்கள் வந்தபோது துணி மோட்டருக்குக் கீழ்ப்படிந்தது, கை துணிக்குப் பின்னால் போனது. ஸ்டிச் ரெகுலேட்டரில் மோட்டர் கைக்குக் கீழ்ப்படிகிறது. கை தயங்கினால் மெசினும் தயங்கும். கை யோசித்தால் மெசின் காத்திருக்கும். எங்கே போவது, எப்போது திரும்புவது, எப்போது மூச்சு விடுவது எல்லாம் தைக்கிறவரிடமே இருக்கின்றன. நீளத்தை மட்டும் மெசின் பார்த்துக்கொள்கிறது.

அப்படியென்றால் இது கள்ளவேலையா? அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. 1989இல் மெசினைக் குறைசொன்ன அதே நியாயத்தைச் சிலர் இப்போது ரெகுலேட்டருக்குச் சொல்கிறார்கள். மெசின் பார்த்துக்கொண்டால் கை பழகாதாம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கையும் காதும் சேர்ந்து பழகும் தாளம் இருக்கிறதே, அது கருவி வாங்கி வருவதில்லை. ஆனால் ரெகுலேட்டருக்கு வரையத் தெரியாது. கோணல் பூவைக் கொடுத்தால் ஒரே அளவு தையலோடு கோணல் பூதான் வரும். விரல் நடுங்குகிற வயதானவருக்கோ மூட்டுவலிக்காரிக்கோ இது இன்னும் பத்து வருடம் தைக்கும் வாய்ப்பு. அவர்களிடம் போய்க் கள்ளவேலை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

சீராக இரு என்று சொல்வது யார்?

எங்கள் தயக்கம் வேறு இடத்தில். ஏன் எல்லாத் தையலும் ஒரே நீளமாக இருக்கவேண்டும்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த காற்சட்டைத் துணியிலும் மாவுச்சாக்கிலும் குவில்ட் தைத்த ஊர். 1966இல், வாக்குரிமைப் போராட்டத்தின் சூட்டோடு, அந்த வட்டாரப் பெண்கள் ஃபிரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். வாக்காளராகப் பதியப்போனதற்காக வேலையும் நிலமும் இழந்த குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. பெரிய கடைகளிலிருந்து ஓர்டர் வந்தது. 1972இல் சியர்ஸ் கொம்பனிக்குக் கோர்டுரோய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. ஓர்டரோடு ஒரு நிபந்தனையும் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும். கண்பார்வையால் வெட்டி, மனம் போனபடி கோடு வளைத்துத் தைத்த பெண்களுக்கு அது புது ஒழுங்கு. காசு தேவைப்பட்டது, செய்தார்கள். பிறகு 2002இல் அதே ஊர்க் குவில்ட்களை அருங்காட்சியகங்கள் காட்சிக்கு வைத்தபோது, விமர்சகர்கள் வியந்தது எதை? சீர் இல்லாத கோடுகளை. சந்தை ஒரு காலத்தில் திருத்தச் சொன்னதையே இன்னொரு காலத்தில் கலை என்று கொண்டாடினார்கள்.

ஜீஸ் பெண்ட் தூரம் என்று நினைக்கவேண்டாம். 1977இல் இலங்கை பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தது. அன்றிலிருந்து இந்த நாட்டின் இளம் பெண்கள் உலகத்துக்குச் சட்டை தைக்கிறார்கள். ஒவ்வொரு சட்டைக்கும் வாங்குபவர் அனுப்புகிற தாளில் ஒரு எண் இருக்கும்: ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல். எஸ்.பி.ஐ. என்று சுருக்கிச் சொல்வார்கள். பழைய அமெரிக்கப் பாட்டிமாரின் அதே அளவுகோல். அங்கே அது பெருமை. இங்கே அது நிபந்தனை.

எங்களில் ஒருவரின் அக்கா ஏழு வருடமாகக் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறா. அவவிடம் ரெகுலேட்டர் வீடியோவைக் காட்டினோம். கை நின்றால் மெசின் நிற்கிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தா. பிறகு சொன்னா: "இது நல்லாயிருக்கே. எங்கட லைன்ல கை நிண்டா சுப்பவைசர் எல்லோ வருவா."

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவவின் லைனில் தையல் நீளத்தை மெக்கானிக் செட் பண்ணிவிட்டுப் போவார், அவ தொடக்கூடாது. மணித்தியாலத்துக்கு எத்தனை துண்டு என்ற டார்கட்டும் அவ வைத்ததில்லை. நாங்கள் இந்தக் கட்டுரையின் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்த அந்தத் தலைகீழ் மாற்றம், மோட்டர் கைக்குக் கீழ்ப்படிவது, அவவின் மேசைக்கு வரவே இல்லை. தொழில்நுட்பம் இல்லாததால் வரவில்லை என்று சொல்லமுடியாது. மவுஸுக்குள் இருக்கிற கமரா பெரிய விலை இல்லை. ஒரு தொழிலாளியின் தயக்கத்தை மதிக்கிற மெசின் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

மெசின்களைப் பற்றிக் காந்தி சொன்னது இந்த இடத்தில் எங்களுக்கு ஞாபகம் வந்தது. 1924இல், பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன் அவரிடம், நீங்கள் எல்லா மெசினுக்கும் எதிரியா என்று கேட்டார். சிங்கர் தையல் மெசினுக்கு விலக்குக் கொடுப்பதாகக் காந்தி சொன்னார். மனைவி படும் பாட்டைப் பார்த்த அன்பில் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் நம்பிய கதை. உண்மையான சிங்கர் ஒரே நேரத்தில் பல குடும்பம் நடத்தியவர், அன்புக் கதைக்குப் பொருந்தாத ஆள். ஆனால் ராமச்சந்திரனின் அடுத்த கேள்விதான் முக்கியம். அந்த மெசினைச் செய்வதற்கே பெரிய ஆலை வேண்டுமே? ஆம், அப்படிப்பட்ட ஆலை அரசின் கையில், இலாபத்துக்காக இல்லாமல் நடக்கவேண்டும் என்ற வகையில் காந்தி பதில் சொன்னார். பதில் போதுமா என்பது வேறு விவாதம். கேள்வி இன்னும் பழசாகவில்லை.

ஸ்டிச் ரெகுலேட்டரை நாங்கள் வெறுக்கவில்லை. யாராவது தந்தால் ஓடிப்போய்ப் பழகுவோம். ஒரு மெசின் மனிசக் கையைக் கவனித்து, அதன் வேகத்துக்கு ஏற்றபடி நடக்கலாம் என்று அது நிரூபித்துவிட்டது. இனி, மெசின் என்றால் அப்பிடித்தான், மனிசர்தான் ஈடுகொடுக்கவேணும் என்று யாராவது சொன்னால் அது பொய் என்று தெரியும். படுக்கறையில் ஓய்வாகத் தைக்கிறவருக்கு அந்த மரியாதை கிடைக்கிறது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. தையலின் நீளம் எவ்வளவு என்பதை விட, அந்த எண்ணை யார் வைக்கிறார்கள், அதை மாற்றுகிற நெம்பில் யாருடைய கை இருக்கிறது என்பதைத்தான் வரலாறாக எழுதவேண்டும்.

மூன்றாம் நாள் மழை விட்டது. புறப்படுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை மிதித்துப் பார்த்தோம். அம்மம்மா சொல்லித்தந்தபடி காலைச் சீராக வைத்து, மெசின் சத்தத்தைக் காதால் பிடித்து, அதற்கேற்பக் கையை விட்டோம். ஒரு சாண் நீளத்துக்குத் தையல் கிட்டத்தட்ட ஒரே அளவாக விழுந்தது. பிறகு ஒரு வளைவில் வழமைபோலக் குழம்பியது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தோம். இப்போது எங்கள் அறையில் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே கிடக்கிறது. உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு பழைய மெசின் மூடிக்கிடந்தால், ஒருக்கால் திறந்து பாருங்கள். அதை மிதித்தவவிடம் கேளுங்கள். எத்தனை வருடம் மிதித்தா, யாருக்காக மிதித்தா, அந்த நெம்பை எந்த எண்ணில் வைத்திருந்தா என்று.